சைக்கிள் வேண்டுதலும் வெட்ட மறுத்த டாக்டரம்மாவும்

கைலாசபுரம்,
வியாழக்கிழமை காலை.

அன்பும் அவசரமும் சரிபாதியாக அமைந்த மாப்பிள்ளை சுரேஷ்குமார் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் பிச்சை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா வெள்ளையம்மாளும் நலம். அங்கு நீங்களும், தங்கச்சி விஜயராணியும், உங்கள் மாமியாரும் நலமாக இருக்க ரங்கநாதர் துணை. நாங்கள் நலம் என்பதைச் சும்மா சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. தில்லை நகர் டாக்டரம்மா ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, உறுதி செய்த நலம். எனக்குப் புற்றுநோய் இருக்கிறது. அதைத் தவிர நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சென்னையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து, அங்கே உங்களுக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்து, புராஸ்டேட்டை எடுத்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்திருப்பதாக உங்கள் அக்கா சொன்னாள். தயவுசெய்து வர வேண்டாம். போனிலேயே இதைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் "மாப்ள, அது வந்து" என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். தங்கச்சி ஒரு பக்கம் அழுகிறது, உங்கள் மாமியார் ஒரு பக்கம் கோதுமைப்புல் சாறு குடிக்கச் சொல்கிறார், பக்கத்து ஃபிளாட்டுக்காரர் அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா எப்படிச் செத்தார் என்று ஆதியோடந்தமாகச் சொல்கிறார், கடைசியில் நான் "சரிங்க" என்று வைத்துவிடுகிறேன். அந்த "சரிங்க"வை நம்பித்தான் நீங்கள் ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருக்கிறீர்கள். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆகையால் நிதானமாக, முதலிலிருந்து சொல்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வருஷம் ஐப்பசியில் எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே சுண்டலும் காபியும் உண்டு என்று என் சிநேகிதன் விக்டர் சொன்னதால் போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, பி.எஸ்.ஏ. என்று ஒரு அளவு இருக்கிறதாம், அது ஆறைத் தாண்டியிருக்கிறது, தில்லை நகரில் யூராலஜி டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். புராஸ்டேட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் ரத்தத்தில் அந்த நம்பர் ஏறுமாம். தில்லை நகருக்குப் போனால் டாக்டர் பெயர் மெஹ்ரீன், நம்ம வீட்டுப் பிள்ளைகள் வயசு. சோதனை அறையில் நடந்ததை ஒரு மாப்பிள்ளைக்கு எழுத முடியாது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை மட்டுமே பார்த்தேன், அந்த மாதத்து சுபமுகூர்த்த நாட்கள் அத்தனையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பிறகு ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சி. ரிசல்ட்டைக் கேட்கப் போகும்போது நாங்கள் சும்மா போகவில்லை. எப்படியும் அட்மிஷன் போடுவார்கள் என்று உங்கள் அக்கா ஒரு ஒயர் கூடையில் கைலி, துண்டு, பிளாஸ்க், டம்ளர், போர்வை, தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டாள். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. முன்கூட்டியே ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொடுத்தவர்கள்கூட உண்டு.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பாய்லர் குழாய்களில் போட்ட வெல்டிங்கை எக்ஸ்ரே பிலிமில் பார்த்துப் பார்த்தே சர்வீஸை முடித்தவன். பிலிமில் கடுகளவு கறுப்பு தெரிந்தாலும் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டி எடு, மறுபடி பற்றவை என்பதுதான் என் வேலை. அதனால் டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான், "எங்கம்மா கையெழுத்துப் போடணும்? நாளைக்கே வெட்டிடுங்க" என்றேன்.

அந்த அம்மா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. "பிச்சை சார், இது கேன்சர்தான். அதை நான் மறைக்கல. ஆனா கேன்சர்லயே இது சோம்பேறி. ரொம்ப மெதுவா வளரும். நிறைய பேருக்கு ஆயுசு முடியற வரைக்கும் ஒண்ணும் பண்ணாம அப்படியே கெடக்கும். எல்லாருக்கும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். உங்களோடது ஆரம்ப நிலை, ஒரு ஓரமா இருக்கு. இப்ப வெட்டினா ஒண்ணுக்கு நிக்காம கசியலாம், வேற சங்கடமும் வரலாம். அதனால வெட்ட வேணாம், பாத்துக்கிட்டே இருப்போம். மூணு மாசத்துக்கொரு தடவ ரத்தம், நடுவுல ஸ்கேன், ஒரு வருஷம் ஆனதும் மறுபடி பயாப்சி. அது கொஞ்சம் கண்ணு முழிச்சாலும் நமக்குத் தெரிஞ்சுடும். அப்ப வைத்தியம் பண்ண நேரம் இருக்கு."

"பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு டாக்டர் எதுக்கும்மா?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"பாக்கறதுதான் சார் கஷ்டம். வெட்டறது எனக்கு ஒரு காலைப்பொழுது வேலை" என்றது அந்த அம்மா.

உங்கள் அக்கா அதுவரைக்கும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "சாப்பாட்டுல எதையாச்சும் தள்ளணுமாம்மா?" ஒன்றும் தள்ள வேண்டாம், அளவாகச் சாப்பிட்டு நன்றாக நடந்தால் போதும் என்றது டாக்டரம்மா. "அப்ப எந்திரிங்க, போலாம். உளுந்து ஊறிக்கிட்டுக் கெடக்கு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புருஷனுக்குப் புற்றுநோய் என்று சொன்ன இடத்தில் உளுந்தை நினைத்த பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை மாப்பிள்ளை. நான் அவள் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே வந்ததும் புதுப் பிரச்சினை. தெருவே வழியனுப்பிய ஆள், கூடையோடு மத்தியானமே எப்படி வீடு திரும்புவது? கையில் ஹார்லிக்ஸ் வேறு வாங்கியாயிற்று. பொழுது சாய்ந்த பிறகு போகலாம் என்று ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சாப்பிட வேண்டிய தயிர்சாதத்தைக் காவிரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். பிறகு கோயிலுக்குப் போனோம். அங்கேதான் வினை ஆரம்பம். டாக்டரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, நானாவது ஏதாவது செய்ய வேண்டாமா என்று சன்னிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். மொட்டை போடலாம் என்றால் தலையில் அதற்கு வேண்டிய சரக்கு இல்லை. நமக்குத் தெரிந்தது சைக்கிள்தான். சர்வீஸ் பூராவும் சைக்கிளில் வேலைக்குப் போனவன். ஆகவே, "ரங்கநாதா, ஒவ்வொரு ரத்த டெஸ்ட்டுக்கும் முதல் நாள் கைலாசபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டே உன்னிடம் வருகிறேன், நம்பரை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் சொன்னதால் உங்கள் அக்கா காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் கூடையை எங்கேயோ வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவரைக்க உட்கார்ந்துவிட்டாள். அத்தோடு அவளுக்கு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. ஏனென்றால் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தால் வந்தவர்களுக்கும் ஒரு மரியாதை, படுத்தவனுக்கும் ஒரு மரியாதை. நானோ வாசலில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருப்பேன். ஆப்பிளோடு இறங்குகிறவர் முகம் சுருங்கிவிடும். ஜீயபுரத்திலிருந்து என் பங்காளிகள் ஒரு வேன் பிடித்து, ஒரு தார் பூவன் பழத்தோடு வந்து இறங்கியபோது நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு தூரம் வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்று உள்ளே ஓடிக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். கையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து, நோய் கைக்கு வந்துவிட்டது என்று ஒரு பெரியம்மா ஒப்பாரிக்கே தயாராகிவிட்டது. ஒருவர் சங்குப்பூ கஷாயம் என்றார், ஒருவர் கேரளாவில் ஒரு வைத்தியர் என்றார், எல்லாரும் கடைசியில் "வெட்டாம வச்சிருக்கறது வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டிருக்கற மாதிரி" என்று ஒரே குரலில் முடித்தார்கள். அத்தனை பேரையும் உங்கள் அக்காதான் சமாளித்தாள். யாரிடமும் வாதாடவில்லை. "டாக்டரு பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்க காபி சாப்பிடுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் அவள் வாயிலிருந்து வராது. வந்த ஹார்லிக்ஸை எல்லாம் அடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு பாட்டில் சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

தை மாதம் முதல் ரத்த டெஸ்ட். சொன்ன சொல் தவறாமல் முதல் நாள் விடியலில் கிளம்பினேன். விக்டர் துணைக்கு வந்தான். அவன் மாதா கோயில் ஆள், இருந்தாலும் என் வேண்டுதலுக்காக அரியமங்கலம், காந்தி மார்க்கெட், காவிரிப் பாலம் என்று கூடவே மிதித்து வந்து, ராஜகோபுரத்துக்கு வெளியே காபி குடித்துக்கொண்டு எனக்காக நின்றான். மறுநாள் ரத்தம் கொடுத்தேன். நம்பர் எட்டைத் தொட்டுவிட்டது. எனக்குக் கண்ணைக் கட்டியது. விக்டர் யோசித்துவிட்டு, "உன் வேண்டுதல் பத்தல பிச்சை. இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. சித்திரை மாத டெஸ்ட்டுக்கு முன்னால் கோயிலுக்குப் போனதோடு நிற்காமல், உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே பிரதட்சணம் வந்தேன். வழியில் திருவானைக்காவலில் சிவனுக்கும் ஒரு கும்பிடு. அதுவும் போதாது என்று வெயிலில் சமயபுரம் வரைக்கும் மிதித்து மாரியம்மனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது உட்கார முடியவில்லை. மறுநாள் டெஸ்ட்டில் நம்பர் ஒன்பதரை.

அந்த ஒன்பதரையைத்தான் உங்கள் அக்கா உங்களிடம் சொன்னாள், நீங்கள் அன்றிலிருந்து சென்னையில் ஆஸ்பத்திரி தேடித் தேடி இப்போது நாளும் பார்த்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன். மூன்று சாமியும் கைவிட்டுவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன். டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்து, "இனிமே பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாதும்மா. வெட்டிடுங்க. என்ன வந்தாலும் உங்களக் கேக்க மாட்டேன்னு எழுதித் தரேன்" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு டாக்டராக இருந்தால், நோயாளியே கெஞ்சும்போது கத்தியை எடுப்பதுதான் சுலபம். இந்த அம்மா எடுக்கவில்லை. ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொன்னது, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தது. கிருமியும் இல்லை. பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தது. நான் பிலிம் பார்த்த ஆள் மாப்பிள்ளை, பார்க்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த அம்மா பார்த்த பார்வையில் எனக்கு முதல் முறையாக அதன் மேல் மரியாதை வந்தது.

"ஸ்கேன்ல ஒரு நூல்கூட மாறல. ரத்தத்துல மட்டும் ஏறுது. டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன சார் செய்றீங்க?" என்று கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்ரீரங்கம் போய்க் கும்பிட்டுட்டு வருவேன்."

"எதுல போவீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் உங்கள் அக்கா, "சைக்கிள்லதாம்மா. போன தடவ சமயபுரம் வரைக்கும் போயிட்டு, ராத்திரி குப்புறப் படுத்துக்கிட்டாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தது. நர்ஸ் லின்சியைக் கூப்பிட்டு, "டெஸ்ட்டுக்கு முன்னாடி என்னென்ன செய்யக் கூடாதுன்னு சாருக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டது. லின்சி, "சொன்னேன் டாக்டர். ரெண்டு நாளைக்குச் சைக்கிள், கடுமையான உடற்பயிற்சி எதுவும் கூடாதுன்னு சொன்னேன். சார் தலையாட்டினாரே" என்றது. ஆட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது உடற்பயிற்சிக்குச் சொன்னது. நான் செய்தது வேண்டுதல். வேண்டுதலையும் உடற்பயிற்சியையும் ஒன்றாகச் சேர்க்க எனக்கு எப்படித் தோன்றும்? இதை நான் சொன்னதும் லின்சி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டது. டாக்டரம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னது. சைக்கிள் சீட் அழுத்துகிற இடமும் புராஸ்டேட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களாம். மணிக்கணக்காக அழுத்தினால் அந்த நம்பர் ஏறிக் காட்டலாமாம். "சைக்கிளால மட்டும்தான் ஏறுச்சுன்னு இப்பவே சொல்ல மாட்டேன். சைக்கிளை நிறுத்திட்டு மறுபடி பாப்போம். அப்பவும் ஏறியிருந்தா நானே உங்களப் பிடிச்சு வைத்தியம் பண்ணுவேன். அதுவரைக்கும் கத்திக்கு வேலை இல்ல" என்று முடித்தது.

நான் பெருமாளிடம் நம்பரைக் குறைக்கச் சொல்லிப் போய், போன வழியிலேயே அதை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர்தான் என்ன செய்வார். ஆனால் கொடுத்த வாக்கை மாற்றினால் தெய்வக்குற்றம் ஆகாதா என்று எனக்கு அடுத்த பயம் பிடித்தது. அதற்கும் உங்கள் அக்காதான் வழி செய்தாள். என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கம் கூட்டிப்போய், சன்னிதியில் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, "சாமி, இவரு அவசரத்துல சைக்கிள்னு சொல்லிட்டாரு. இனிமே பஸ்ஸுலதான் வருவாரு. ஒங்களுக்கும் சம்மதந்தானே" என்று சொல்லிவிட்டுத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். வெளியே வந்ததும் நான், "ஒண்ணும் செய்யாம எப்படிடி இருக்கறது?" என்று புலம்பினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உள்ள பாத்தீங்கல்ல? அவரும் படுத்துக்கிட்டேதான் இருக்காரு. எதையாச்சும் பாக்காம விட்டுட்டாரா?" நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடையைக் கட்டினேன்.

அன்று முதல் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சைக்கிள் சீட்டைக் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்துவிடுகிறாள். டாக்டர் சொன்னது இரண்டு நாள், இவள் போட்ட சட்டம் ஒரு வாரம். சீட் இல்லாத சைக்கிள் வாசலில் நிற்பதைப் பார்த்தே தெருவில் எல்லாரும் பிச்சைக்கு டெஸ்ட் வருகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். அடுத்த டெஸ்ட்டில் நம்பர் மறுபடியும் பழைய ஆறுக்கே வந்துவிட்டது. அதற்கடுத்த டெஸ்ட்டிலும் அதே ஆறு. ஒன்பதரையை உங்களிடம் சொன்ன அக்கா இந்த ஆறையும் சொன்னாள், ஆனால் அன்றைக்குப் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்ததால் உங்கள் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை, நான் மனசாரச் சொல்கிறேன். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருப்பார்கள். பிடிக்கத் தெரிந்தும், ஒரு கிழவன் அழுது கெஞ்சியும், இப்போது வேண்டாம் என்று வைத்திருக்கிற தைரியம் அந்த மெஹ்ரீன் அம்மாவுக்கு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கு வெட்டியிருந்தால், தேவையே இல்லாமல் ஒரு ஆபரேஷன் ஆகி, நான் இன்றைக்கு ஈரத்துணியோடு மூலையில் உட்கார்ந்திருப்பேன். இதைச் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். மறந்துவிடாமல் தேதிக்குத் தேதி பார்க்கிறார்கள், சின்ன மாற்றம் வந்தாலும் விடமாட்டார்கள். என் பெயரைச் சொன்னால் லின்சிக்கு என் கடைசி நம்பர் வாயில் வருகிறது. உங்கள் அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, அழவில்லை, என்ன ஆகுமோ என்று கேட்கவில்லை. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் விட்டுப்போய்விட்டது. இப்போது நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை ரத்தமும், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை என்று முதலிலேயே சொல்லியிருந்த அந்த இரண்டாவது பயாப்சியும் இருக்கின்றன. அது வழக்கமாகச் செய்வதுதான். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடுவோம். அதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம், கார் வேண்டாம், சென்னை வேண்டாம். நம்மிடையே மனஸ்தாபம் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். உங்கள் மாமியாருக்கு வணக்கம், அவருடைய கோதுமைப்புல்லுக்கும் வணக்கம். பக்கத்து ஃபிளாட்டுக்காரரின் சித்தப்பா ஆத்மா சாந்தி அடையட்டும். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் எந்த டெஸ்ட்டும் எடுக்கத் தேவையில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பயமில்லாத,
பிச்சை.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து, கூரியர் கடை வாசலில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். காலையில் உங்கள் அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். டாக்டர் சொன்ன இரண்டு நாள் கெடு சனிக்கிழமைதானே ஆரம்பம், இன்றைக்குக் கூரியர் கடை வரை மிதித்தால் தப்பில்லை என்று சைக்கிள் சீட்டைத் தேடினேன். பரண் மேல் ஏறிப் பார்த்தால் அந்த ஒயர் கூடை. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வெட்கப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்தோமே, அதே கூடை. சீட் அதற்குள்தான் இருந்தது. சீட்டுக்கு அடியில் கைலி, துண்டு, போர்வை, பிளாஸ்க், டம்ளர், எல்லாம் அன்றைக்கு வைத்த மாதிரியே இருந்தன. அன்றைக்கு அவள் கூடையைப் பிரிக்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கைலியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வருஷத்துப் பரண் வாசனை இல்லை மாப்பிள்ளை, சோப்பு வாசனை அடித்தது. இந்த வாரம் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் துவைத்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கைலியைப் பழைய மடிப்பிலேயே வைத்துவிட்டு, சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சென்னைக்கு இல்லை, தில்லை நகருக்கு. திங்கட்கிழமை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனதும் உங்கள் அக்கா வெளியே தனியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் உட்காருங்கள். ஆபரேஷன் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் பயமில்லை என்று இத்தனை பக்கம் எழுதியிருப்பேனா? நான் சைக்கிளில் வந்தது அவளுக்குத் தெரியாது. சீட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கூடையில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை அந்தக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் காரில் ஏறினால், அது எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். நானும் கேட்கப் போவதில்லை.